பிள்ளை எழுதியதை யார் படிப்பது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி ஆசிரியை. ஒன்றிலிருந்து எட்டு வரை எல்லா வகுப்புக்கும் ஏதாவது ஒரு பாடவேளை போகிறேன். பிள்ளைகளுக்குச் சொந்தமாக எழுத வரவில்லை. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், 'எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சி. ஒன்னு செத்துபோச்சி' என்று எழுதியிருந்தான். இரண்டு வரியில் ஐந்து பிழை. எட்டாம் வகுப்பிலோ, மனப்பாடம் செய்த கட்டுரையைத் தவிர ஒரு பத்தி எழுதத் தெரியாது. செல்போன்தான் காரணமா? எந்த வகுப்பில் எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஒரு வரிசை தர முடியுமா? 35 நோட்டைத் திருத்தவே எனக்கு நேரம் போதவில்லை.

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

அண்ணன் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தபோது அவளுடைய கட்டுரை நோட்டைப் புரட்டினேன். எட்டாம் வகுப்பு. தலைப்பு, 'எங்கள் ஊர்த் திருவிழா'. முன்னுரை இருந்தது, குறிப்புச் சட்டகத்தில் கொடுத்த உட்தலைப்பெல்லாம் வரிசையாக இருந்தன, 'இக்கட்டுரையில் காண்போம்' இருந்தது, முடிவுரையும் இருந்தது. சாமி பேர் இல்லை. ஊர்ப் பேரும் இல்லை. கீழே சிவப்பு மையில் 'நன்று'. அன்றிலிருந்தே மனசு ஆறவில்லை. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதமும் வந்தது.

செல்போனை விடுங்கள். அது வருவதற்கு முன்பும் நாம் இதே கட்டுரையைத்தான் எழுதினோம்.

வரிசை கேட்டீர்கள். 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கென்று அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்ததிலிருந்து ஒரே வகுப்புக்குள்ளேயே அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பார்த்துப் பிரித்து நடத்துகிறீர்கள். வகுப்பு எண்ணை வைத்து எழுத்தை அளக்க முடியாது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். ஒன்று, இரண்டில் பிள்ளை வாயால் சொல்லட்டும், அதை அப்படியே நீங்கள் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். தான் சொன்னதுதான் அங்கே எழுத்தாக நிற்கிறது என்று அதற்குப் புரியட்டும். மூன்று, நான்கில் அதுவே எழுதட்டும், பேசுகிற மாதிரியே. ஐந்தில் ஒரு பத்தி. ஆறிலிருந்து, எழுதியதையே இன்னொரு முறை எழுதப் பழக்குங்கள். பேச்சு வழக்கை எழுத்து வழக்குக்கு மாற்றுவதெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம். 'பேச்சு மொழியும் எழுத்து மொழியும்' என்ற பாடமே ஏழாம் வகுப்பில்தானே வருகிறது? மூன்றாம் வகுப்புப் பையனிடம் என்ன அவசரம்?

இனி அந்த ஆட்டுக்கு வருகிறேன். ஐந்து பிழை என்று எண்ணினீர்கள். 'செத்துப்போச்சி' என்பதில் ஒரு 'ப்' விட்டுப்போனது, அது பிழை. எங்க, ரெண்டு, போட்டுச்சி, ஒன்னு எல்லாம் அவன் பேச்சு. நீங்களும் வீட்டில் அப்படித்தானே பேசுகிறீர்கள்? அந்தப் பையன் யாரிடமும் பார்த்து எழுதவில்லை. தன் வீட்டில் நடந்த சாவை இரண்டே வரியில் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறான். நீங்கள் ஐந்து வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தீர்கள். எப்படிச் செத்தது என்று கேட்டீர்களா? கிடாயா, பெட்டையா? இன்னொரு குட்டி பால் குடிக்கிறதா? கேட்டிருந்தால் அவன் பத்து வரி எழுதியிருப்பான். கேட்காததால், அடுத்த முறை 'பசு ஒரு வீட்டு விலங்கு' என்று பிழையில்லாமல் எழுதுவான். நீங்களும் 'நன்று' போடுவீர்கள். எட்டாம் வகுப்பில் அவனுக்கு ஒரு பத்தி வராது. கோபமாகச் சொல்கிறேன்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எழுத வந்தது பள்ளிக்கூடத்தில் இல்லை. எங்கள் தெருவில் ஓர் ஆச்சி இருந்தாள். மகன் பம்பாயில். 15 பைசா கார்டை வாங்கி வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது என்னைப் பிடித்து உட்கார வைப்பாள். நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்து, 'பணம் அனுப்பவும்' என்று எழுதி வாசித்துக் காட்டினேன்.

"ஏலே, நான் இப்படியா சொன்னேன்? நான் கோவத்துலல்லா சொன்னேன். நீ எளுதுனதுல கோவத்தையே காணும்."

எழுதியதை அடித்துவிட்டு, 'இந்த மாதமும் பணம் வராவிட்டால் இனி எனக்குக் கடிதம் போட வேண்டாம்' என்று எழுதினேன். வாசித்ததும் பதறிப்போனாள். "ஐயோ, புள்ள நொந்துருவான். கொஞ்சம் கொறச்சு எளுது." கார்டில் இடமே இல்லை. விலாசத்துக்கு மேலே இருந்த ஓரத்தில் நுணுக்கி எழுதினேன்: 'உன் உடம்பைப் பார்த்துக்கொள்.' அதைக் கேட்டபிறகுதான் தபாலில் போடச் சொன்னாள்.

ஆச்சிக்கு ஒற்றும் தெரியாது, சந்தியும் தெரியாது. கைநாட்டு. ஆனால் நான் எழுதிய ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு வேண்டியிருந்தது. சொல் மாறினால் பம்பாயில் ஒருவன் முகம் மாறும் என்று அவள் நம்பினாள், என்னையும் நம்ப வைத்தாள். உங்கள் 35 பிள்ளைகளுக்கு அப்படி ஓர் ஆள் வேண்டும். அது நீங்களாகவே இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவதை மூன்றாம் வகுப்புக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் 'அப்புறம்?' என்று கேட்டால் போதும். அரசே 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பத்திரிகை கொண்டுவந்ததே, அதற்கும் அனுப்பிப் பாருங்கள்.

நேரம் இல்லை என்கிறீர்கள், உண்மைதான். 35 நோட்டையும் தினமும் படிக்கச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து நோட்டு. வட்டம் வேண்டாம், அடியில் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள், உண்மையிலேயே உங்களுக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றுகிற கேள்வி. பிள்ளை அதற்குப் பதில் எழுதட்டும். அந்த 'ப்'பை அதற்கடுத்த வாரம் சொல்லிக்கொடுத்தால் போதும். ஆய்வுக்கு வருகிறவர் ஏன் திருத்தவில்லை என்று கேட்டால், உங்கள் கேள்வியையும் அதற்குக் கீழே பிள்ளை எழுதிய பதிலையும் அவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.