எட்டாவது சுற்றில் அணுகுண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகனோடு சேர்ந்து, நாகரிகங்களை வளர்க்கும் கணினி விளையாட்டான சிவிலைசேஷன் விளையாடுகிறேன். எந்தக் கண்டுபிடிப்பைத் தேர்ந்தாலும் ‘இன்னும் 8 சுற்று’ என்கிறது. சொன்னபடியே கைக்கு வந்துவிடுகிறது. நான் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவன். ஆராய்ச்சி இப்படி நடப்பதில்லை. நிச்சயமின்மையைச் சேர்த்தால் விளையாட்டு கெட்டுவிடுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கெடாது. 1993-லேயே மாஸ்டர் ஆஃப் ஓரியன் என்ற விண்வெளிக் கணினி விளையாட்டு அதைச் செய்துவிட்டது. போதிய அளவு செலவழித்த பிறகும், ஒவ்வொரு சுற்றுக்கும் இத்தனை சதவீத வாய்ப்பு என்றுதான் அது காட்டும். சில தொழில்நுட்பங்கள் அந்த ஆட்டத்தில் உங்கள் பட்டியலிலேயே இருக்காது. பக்கத்து இனத்திடம் பேரம் பேசியோ திருடியோ பெறலாம். எனக்கு இது மிகவும் பிடிக்கும்.

ஆனால் நாள் தள்ளிப்போவது சின்ன விஷயம். எந்த வழி சரி என்று தெரியாமலே காசைக் கொட்டவேண்டியிருப்பதுதான் ஆராய்ச்சியின் உண்மையான கஷ்டம். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா அணுகுண்டு செய்த மன்ஹாட்டன் திட்டம், சிவிலைசேஷனின் பழைய பதிப்புகளில் ஓர் ‘அதிசயம்’, அதாவது கட்டவேண்டிய ஒரு பெரும் படைப்பு. கட்டி முடித்தால் அணுகுண்டு வரும். நிஜத்தில் குண்டுக்கு உதவும் யுரேனியத்தைப் பிரித்தெடுக்க மூன்று முறைகள், அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் மூன்று ஆலைகள். எது கைகொடுக்கும் என்று தெரியாததால் எல்லாவற்றையும் கட்டினார்கள்.

குண்டுக்கான இன்னொரு பொருளான புளூட்டோனியத்தின் கதையைக் கேளுங்கள். ஒரு துண்டை இன்னொன்றின்மேல் துப்பாக்கிபோலச் சுட்டுச் சேர்த்துவிடலாம் என்று நம்பித்தான் வேலை நடந்தது. 1944-ல் அணு உலையிலிருந்து வந்த புளூட்டோனியத்தை இயற்பியலாளர் எமிலியோ செக்ரேயின் குழு அளந்து பார்த்தது. அது தானாகவே பிளவுபடும் வேகம் மிக அதிகம். துண்டுகள் முழுதாகச் சேரும் முன்பே சிதறிவிடும். ஜூலையில் அந்த வடிவமைப்பைக் கைவிட்டார்கள். அப்புறம், இயற்பியலாளர் சேத் நெடர்மேயர் சிறு குழுவோடு ஓரமாகத் தொடங்கிவைத்த உள்வெடிப்பு முறைக்கு, அதாவது சுற்றிலும் வெடிவைத்துப் புளூட்டோனியத்தை உள்நோக்கி நசுக்கும் முறைக்கு, குண்டை வடிவமைத்த லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடமே திரும்பியது. 1945 ஜூலை 16 அன்று வெடித்துப் பார்த்தது அதைத்தான்.

இதை ஆட்டத்தில் கொண்டுவர முடியும். ஓர் இலக்குக்கு இரண்டு மூன்று வழிகள். காசை எப்படிப் பங்கிடுவது என்பது ஆடுபவர் பாடு. ஒரு வழி பாதியில் அடைபடலாம். பகடை உருட்டி அடைத்தால் ஆடுபவருக்குக் கோபம்தான் வரும். அதனால், தனியாகச் செலவழித்து முன்கூட்டியே அளந்து பார்க்கும் வசதியும் வேண்டும். செக்ரே குழு செய்ததுபோல.

உங்கள் ஆய்வுக்கூடத்தில் அப்படிப் பாதியில் மூடிய வழி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.