1915இல் வான் நகர ஆர்மீனியர் செய்தது கலகமா, தற்காப்பா?

கதையை எந்தத் தேதியில் தொடங்குகிறோம் என்பதில்தான் சண்டையே. அன்றைய உதுமானியப் பேரரசில், இன்றைய துருக்கியின் கிழக்கில் உள்ள வான் நகரில் துப்பாக்கிகள் வெடித்தது 1915 ஏப்ரல் 20இல். துருக்கி அரசுத் தரப்பு அங்கே தொடங்கும்: முதல் உலகப் போர் நடக்கும்போது எதிரி ரஷ்யாவுக்குச் சாதகமாக எழுந்த கலகம், அதனால்தான் மே 27இல் ஆர்மீனியரை ஊரைவிட்டு அகற்றும் இடம்பெயர்ப்புச் சட்டம் வந்தது என்று. ரஷ்யப் படையில் ஆர்மீனியத் தன்னார்வப் பிரிவுகள் இருந்ததும் உண்மைதான்.

சரி, நான்கு நாள் பின்னே போங்கள். ஆளுநர் ஜெவ்தெத் பே சமரசம் பேச அனுப்பிய ஆர்மீனியத் தலைவர் இஷ்கான் வழியிலேயே கொல்லப்பட்டார். அடுத்து, உதுமானிய நாடாளுமன்ற உறுப்பினரான விராமியான் கைதானார். சுற்றுக் கிராமங்களில் படுகொலைகள் நடந்தன. அப்புறம்தான் நகரத்தில் தடுப்பரண்கள் எழுந்து சண்டை மூண்டது. மே மாதம் ரஷ்யப் படை வரும்வரை மக்கள் தாக்குப்பிடித்தார்கள். என் கணக்கில் இது தற்காப்பு. பெரும்பாலான வரலாற்றாசிரியர்களும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

ஆனால் இதே சொல்லை எல்லாவற்றுக்கும் ஒட்ட முடியாது. 1896இல் தாஷ்நாக் என்ற ஆர்மீனியப் புரட்சிக் கட்சியினர் வெடிகுண்டுகளோடு இஸ்தான்புல்லின் உதுமானிய வங்கியைப் பிடித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் நடந்த ஆர்மீனியப் படுகொலைகளை ஐரோப்பிய வல்லரசுகள் கவனிக்கவேண்டும் என்பதே நோக்கம். அங்கே காரணம் புரிகிறது, தற்காப்பு என்ற சொல் மட்டும் பொருந்தவில்லை.