டிஃபென்டரும் மூலையும்

*அன்புள்ள சார்,*

*அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் டிஃபென்ஸுக்கு, அதாவது எதிரணியைத் தடுப்பதற்கு, பெயர்பெற்ற பி.ஜே. டக்கரின் சராசரி ஆட்டத்துக்கு 7 புள்ளிகூட இல்லை. 2021 பிளேஆஃபில் (சீசன் முடிவில் நடக்கும் வெளியேற்றத் தொடர்கள்) அவர் பொறுப்பில் விடப்பட்ட எதிரணி நட்சத்திரம் டுரான்ட், தொடரின் ஏழாவது ஆட்டத்தில் 48 புள்ளி அடித்தார். இவரை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? என் அக்கா மகன் நல்ல டிஃபென்டர், ஷூட்டிங் வராது. டிஃபென்ஸை மட்டும் வைத்து அவன் தொழில்முறை ஆட்டத்துக்குப் போக முடியுமா? இவர்களுக்கெல்லாம் சம்பளம் எவ்வளவு?*

அன்புள்ள நண்பருக்கு,

சம்பளத்தை நீங்களே தேடிக்கொள்ளுங்கள்.

48 என்று எழுதினீர்களே, அந்த ஆட்டத்தை முழுதாகப் பார்த்தீர்களா? டுரான்ட் 53 நிமிடமும் களத்தில் நின்றார். சமநிலையால் வந்த கூடுதல் நேரமான ஓவர்டைமில் ஒரு புள்ளி எடுக்கவில்லை. கடைசி ஷாட் வளையத்தைக்கூடத் தொடவில்லை. அப்படிப்பட்ட ஆட்டக்காரரை யாராலும் பூஜ்யத்தில் நிறுத்த முடியாது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் தோளும் இடுப்பும் கொடுத்து இடிபட வைத்தால் நான்காம் குவார்ட்டருக்குப் பிறகு கால் கனக்கும். ஆட்டத்தின் புள்ளிவிவரத் தாளில் இதற்குக் கட்டம் கிடையாது.

என்னை உறுத்தியது வேறு. டிஃபென்ஸை மட்டும் வைத்துக் காலம் தள்ள முடியுமா என்கிறீர்கள். முடியாது. டிஃபென்டரின் வேலையைக் காப்பாற்றுவது கார்னர் த்ரீ, அதாவது களத்தின் மூலையில் நின்று எறியும் மூன்று புள்ளி ஷாட்.

2015 பிளேஆஃப் தொடர் ஒன்றில் மெம்பிஸ் அணி, வாரியர்ஸ் அணியை 2–1 என்று முந்திக்கொண்டிருந்தது. மெம்பிஸின் டோனி ஆலன் அன்றைய மிகச்சிறந்த டிஃபென்டர்களில் ஒருவர். நான்காவது ஆட்டத்தில் வாரியர்ஸ், வளையத்தருகே ஆடும் தங்கள் உயரமான சென்டர் போகட்டை அவருக்குக் காவல் போட்டது. போகட் அவர் பக்கமே போகவில்லை, வளையத்தடியில் நின்றுகொண்டார். ஆலன் எறிந்தால் எறியட்டும் என்று விட்டுவிட்டார்கள். உள்ளே ஆடும் மெம்பிஸின் கசோலுக்கும் ரேண்டால்ஃபுக்கும் இடமில்லாமல் போயிற்று. ஆலனை உட்காரவைக்க வேண்டியதாயிற்று. தொடர் 4–2 என்று கைவிட்டுப் போனது. 2017இல் இன்னொரு டிஃபென்டர் ஆண்ட்ரே ராபர்சன் கதை இன்னும் கொடுமை. ஹூஸ்டனுக்கு எதிரான தொடரில் ஃபவுலுக்குத் தரப்படும் தடையில்லா எறியான ஃப்ரீ த்ரோ 21இல் 3தான் விழுந்தது. வேண்டுமென்றே அவரை ஃபவுல் செய்தார்கள்.

"ஷூட்டிங் வராது" என்று ஒரு பையனைப் பற்றி இவ்வளவு சுலபமாக எழுதாதீர்கள். டிஃபென்டராகப் பெயர்பெற்ற புரூஸ் போவனை, அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எவரும் எடுக்கவில்லை. 2002–03 சீசனில் அவருடைய ஃப்ரீ த்ரோ 40.4 சதவீதம். அதே சீசனில் மூன்று புள்ளியில் 44.1 சதவீதத்துடன் லீக்கிலேயே முதலிடம். பிறவி ஷூட்டருக்கு இப்படி ஒரு கணக்கு வருமா? மூலையில் நின்று எறிய மட்டும் தன்னைப் பழக்கிக்கொண்டார். டக்கரும் கல்லூரியில் உள்ளே இடித்துப் புள்ளி எடுத்தவர். 2007க்குப் பிறகு ஐந்தாண்டு வெளிநாட்டு லீக்குகளில் அலைந்து, 27 வயதில் ஃபீனிக்ஸ் அணியில் திரும்ப நுழைந்தார். பிறகு ஹூஸ்டனில் அவரை மூலையில்தான் நிறுத்தினார்கள்.

ஏன் மூலை? வளையத்திலிருந்து மூன்று புள்ளிக் கோடு நடுவில் 23 அடி 9 அங்குலம், மூலையில் 22 அடி. தவிர, ஸ்கிரீன் போட்டு (காவலரின் வழியை உடலால் மறித்து) வளையத்துக்கு ஓடுபவனை மறிக்கப் பெரும்பாலும் மூலையில் நிற்பவனின் காவலர்தான் உள்ளே வரவேண்டும். மூலையில் இருப்பவனுக்குக் குறி தப்பாது என்றால் அவர் நகரத் தயங்குவார். டக்கர் பந்தைத் தொடாமலே ஹூஸ்டன் நட்சத்திரம் ஹார்டனுக்கு வழி விட்டது இப்படித்தான்.

பையனிடம் இதைச் சொல்லுங்கள். அங்கே மூன்று புள்ளிக் கோட்டுக்கும் சைடுலைனுக்கும் இடையில் 3 அடிதான். பந்து வந்த பிறகு கால் வைக்க இடம் தேடினால் குதிகால் வெளியே போகும், பந்து எதிரணிக்கு. முன்னங்கால் கோட்டில் பட்டால் இரண்டு புள்ளிதான். பாஸ் கிளம்பும் முன்பே முட்டி மடங்கியிருக்கவேண்டும், கை மார்பருகே விரிந்திருக்கவேண்டும். பந்தை இடுப்புக்கு இறக்கி ஏற்றினால் அந்த நேரத்தில் காவலர் வந்துவிடுவார். பாஸ் வராவிட்டால் முகம் சுளிக்கக்கூடாது. பல ஆட்டங்களில் வராது. எறிந்தபின் நின்று ரசிக்கவும் கூடாது. மூலையில் நிற்பவன்தான் தன் வளையத்துக்கு வெகுதொலைவில் இருக்கிறான். ஷாட் தவறி எதிரணி பாய்ந்தால், முதல் மூன்று எட்டு திரும்பிப் பாராமல் ஓடவேண்டும், நான்காவதில் தலையைத் திருப்பிப் பந்து யாரிடம் என்று பார்க்கவேண்டும்.