எச்சில் தட்டை யார் கழுவுவது?

கேள்வி: எங்கள் பகுதியில் கோயில் கமிட்டி, தேவாலயப் பங்குப் பேரவை, ஜமாஅத் மூன்றும் ஒரே மேடையில் நின்று ‘பிளாஸ்டிக்கை ஒழிப்போம்’ என்று உறுதிமொழி எடுத்தார்கள். கேரளத்திலிருந்து லாரி லாரியாகக் குப்பை வந்து இறங்கும்போது இந்த மும்மத உறுதிமொழியால் என்ன பயன்?
– வாசகர், களியக்காவிளை

பதில்: மேடை என்று எழுதிவிட்டீர்கள். இனி நான் லாரிக்கு வந்துசேரக் கொஞ்ச நேரம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் குமரி மாவட்டத்தில் மும்மத மேடைக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. நடுவில் காவி, வலப்பக்கம் வெள்ளை அங்கி, இடப்பக்கம் தொப்பி, இரண்டு ஓரங்களிலும் முன்னாள் கவுன்சிலர்கள். பின்னால் இருபதடி ஃப்ளெக்ஸ். அதில் பூமிப் பந்தை இரண்டு கைகள் ஏந்தியிருக்கும்; கீழே உபயதாரர்களின் முகங்கள் பூமியைவிடப் பெரிதாக இருக்கும். ‘சுற்றுச்சூழல்’ என்பதில் ஓர் ஒற்றெழுத்தாவது காணாமல் போயிருக்கும். (பிழை திருத்துபவனாக இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். பூமி அழிவதைக்கூடப் பொறுப்பேன், ஒற்று அழிவதைப் பொறுக்க மாட்டேன்.) ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னும் ஒரு குட்டித் தண்ணீர் பாட்டில். வரவேற்புரை முடிந்ததும் பொன்னாடை.

இந்தப் பொன்னாடை மீது எனக்குள்ள பகை பழையது. அதில் பொன்னும் கிடையாது, பட்டும் கிடையாது; வெறும் பாலியெஸ்டர். பாலியெஸ்டரும் தண்ணீர் பாட்டிலும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இரண்டும் பாலிஎதிலீன் டெரெப்தலேட்தான். ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொன்றைத் திறந்து குடித்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் பி.வி.சி. பிளாஸ்டிக்கான ஃப்ளெக்ஸைத் தொங்கவிட்டபடி ‘பிளாஸ்டிக்கை ஒழிப்போம்’ என்று கையை நீட்டுகிறார்கள். இதை ஒருமுறை எழுதியதற்கு மேடைக் கவிஞர் ஒருவர் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அவர் வீட்டுப் பொன்னாடைகளை முடிச்சுப்போட்டால் களியக்காவிளையில் தொடங்கிக் கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைவரை போகும் என்று கூடவே எழுதியிருந்தேன். கோபத்துக்குக் காரணம் அதுதான் என்கிறார்கள். கூட்டம் முடிந்தபின் அந்த ஃப்ளெக்ஸ் யார் வீட்டுக் கோழிக்கூட்டுக்காவது கூரையாகிவிடும். பூமியைக் காக்காவிட்டாலும் கோழியைக் காக்கிறது, அதுவரை லாபம். கொளுத்தாமல் இருந்தால் சரி. கொளுத்தினால் டயாக்சின் என்ற நஞ்சு.

கேலி செய்கிறேனே தவிர, மேடையே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் நடந்த இந்து–கிறிஸ்தவக் கலவரத்தைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தக் கலவரத்துக்குப் பிறகு குன்றக்குடி அடிகளார் கடலோர ஊர்களுக்குள் இறங்கி அமைதிக்காக அலைந்தார். அன்றைக்கு மூன்று பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவதே பெரிய சேதி. இன்று உட்கார்ந்து பழகிவிட்டார்கள். உட்கார்ந்தாயிற்று, அடுத்தது என்ன என்று கேட்க வேண்டியதுதானே?

அதோடு ‘மும்மதம்’ என்ற கணக்கே நம்மூருக்குப் பொருந்தாது. அய்யா வைகுண்டரின் வழி நடக்கும் அய்யாவழிக்காரர்களை இந்துக் கணக்கில் சேர்த்துவிட்டு நாற்காலியைக் குறைத்துவிடுகிறார்கள். இதைப் பற்றி எழுதி எழுதி என் பேனா தேய்ந்ததுதான் மிச்சம். பிளாஸ்டிக் பற்றிப் பேச மற்ற மூவரைவிடத் தகுதி அவர்களுக்குத்தான் அதிகம். சாதி பார்த்துத் தண்ணீர் கொடுத்த திருவிதாங்கூரில், சுவாமித்தோப்பில் எல்லோரும் ஒரே கிணற்றில் இறைக்கட்டும் என்று முத்திரிக் கிணறு கண்டவர் அய்யா வைகுண்டர் (1809–1851). துவையல் தவசு என்று எழுநூறு குடும்பங்களை வாகைப்பதிக் கடற்கரைக்கு அனுப்பி, குளிக்கவும் துணி துவைக்கவும் சேர்ந்து சமைத்து உண்ணவும் வைத்தவரும் அவர்தான். துவைப்பதையே தவமாக்கிய ஒரு வழி நம் மண்ணில் இருக்கிறது. நாம் என்னடாவென்றால் ஒரு சாயா டம்ளரைக் கழுவ ஆள் இல்லை என்கிறோம்.

இதுதான் சங்கதி. தூக்கிப்போடும் தட்டும் கப்பும் எந்த வேதத்திலிருந்தும் வரவில்லை. பந்தி முடிந்தபின் குழாயடியில் குத்தவைத்துக் கழுவ ஆள் கிடைக்காததால் வந்தன. இன்னொரு காரணமும் உண்டு, அதை எந்த மேடையிலும் சொல்ல மாட்டார்கள். சாதிக்கொரு டம்ளர் என்ற இரட்டைக் குவளையை எதிர்த்துப் போராட்டம் நடந்த தமிழக ஊர்கள் சிலவற்றில் கடைக்காரர்கள் ஒரே வகைக் கண்ணாடி டம்ளருக்கு மாறவில்லை. தூக்கிப்போடும் கப்புக்கு மாறினார்கள். கள ஆய்வு செய்தவர்கள் பதிவுசெய்திருக்கிற விஷயம் இது. எச்சிலே மிஞ்சாவிட்டால் யாருடைய எச்சில் என்ற கேள்வியும் இல்லை பாருங்கள். சாதிக்கு இதைவிடப் பெரிய உபகாரம் பிளாஸ்டிக்கைத் தவிர யார் செய்திருக்கிறார்கள்? ஆகவே, பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு எவர்சில்வர் தட்டை வைப்போம் என்று மேடையில் ஒருவர் சொன்னால், அவர் சாதியைத் தொடுகிறார். அதனால்தான் யாரும் சொல்வதில்லை. மரக்கன்று நட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

மேற்கோளுக்கு ஒருவரிடமும் பஞ்சமில்லை. வழியில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவது ஈமானின், அதாவது இறைநம்பிக்கையின், ஒரு கிளை என்கிறது ஹதீஸ். போப் பிரான்சிஸ் 2015-இல் எழுதிய சுற்றுமடலின் 211-ஆம் பத்தியில் தவிர்க்க வேண்டியவை என்று பிளாஸ்டிக்கையும் காகிதத்தையும் சேர்த்தே சொல்கிறார். அந்தக் காகிதத்தைக் கவனியுங்கள். நம்மவர்கள் பிளாஸ்டிக் கப்பை விட்டுவிட்டுப் பேப்பர் கப்புக்கு மாறிப் பாவமன்னிப்பு வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கப்பின் உள்பக்கம் பூசியிருப்பதும் பிளாஸ்டிக்தான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் நடப்பில் உள்ள தடையில் பூச்சுள்ள பேப்பர் கப்பும் தட்டும் இருக்கின்றன. சாப்பாட்டு மேசையில் விரிக்கும் தாளும், தண்ணீர் பாக்கெட்டும், துணிபோலத் தெரியும் அந்த ‘நான் ஓவன்’ பையும் இருக்கின்றன. உங்கள் ஊர் உறுதிமொழிக் கூட்டத்தில் இவற்றில் எத்தனை இருந்தன என்று எண்ணிப் பார்த்தீர்களா?

சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று நிஜமாகவே ஆசை இருந்தால் வழி இருக்கிறது. அன்னதானம், அசனம், நேர்ச்சைச் சோறு, உம்பான் சோறு என்று பெயர்தான் வேறு, எல்லாம் பந்திதான். கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3-ஐ ஒட்டி முடியும். சுசீந்திரம் தேர் மார்கழியில். மண்டைக்காட்டுக் கொடை மாசியில். சுவாமித்தோப்பில் தை, வைகாசி, ஆவணி. தக்கலை பீர்முகம்மது அப்பா ஆண்டுவிழா ஹிஜ்ரி கணக்கு என்பதால் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். எப்போதாவது ஒன்றோடு மோதும், மறு ஆண்டே விலகிவிடும். பெரிய விழாக்களே இப்படி ஆளுக்கொரு மாதத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் ஊர்க் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் தனித்தனியாகத் தட்டு எதற்கு? ஒரே தட்டுக் கட்டு எல்லாப் பந்திக்கும் போய்வரலாம். கழுவுகிறவர்களுக்குக் கூலியை நாலு கமிட்டியும் பகிர்ந்துகொள்ளலாம். வாடகைப் பாத்திரக் கடைக்காரர் தலைமுறை தலைமுறையாக இதைத்தான் செய்கிறார். கல்யாணத்துக்கு அவரிடம் எடுக்கும் அண்டாவில் போன வாரம் பிரியாணி வெந்ததா, சாம்பார் கொதித்ததா என்று யாரும் கேட்பதில்லை. தட்டு என்று வந்தால் மட்டும் கேட்பார்கள். கேட்கட்டும். அந்தச் சண்டையை ஒருதடவை வாய்விட்டுப் போட்டு முடித்தால்தான் நான் அதை மத ஒற்றுமை என்று ஒத்துக்கொள்வேன்.

எருமேலியைப் பாருங்கள். சபரிமலைக்கு மாலை போட்டவர் வாவர் பள்ளிவாசலை வணங்கிவிட்டுத்தான் மலைக்குக் கிளம்புகிறார். அதற்கு யாரும் உறுதிமொழி வாசித்ததில்லை. ஆனால் திரும்பும்போது அவரே உடுத்த துணியைப் பம்பையில் விட்டுவிட்டு வருகிறார். அப்படியொரு சடங்கே கிடையாது என்று சபரிமலை தந்திரி சொல்லியும் கேட்பார் இல்லை. இல்லாத சடங்கைப் பிடித்துக்கொள்வதில் நமக்கு இருக்கிற பக்தியை என்னவென்று சொல்ல!

சரி, லாரி. 2024 டிசம்பரில் நெல்லை மாவட்டம் கொடகநல்லூர், நடுக்கல்லூர் பக்கம் திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவு கொட்டிக் கிடந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டபின் கேரளத்திலிருந்தே லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின. கொட்டினால் திருப்பி அனுப்ப முடியும் என்பது அப்போது தெரிந்தது. கைதானவர்களில் நம் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள் என்பதும் தெரிந்தது, ஆனால் அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இடம் காட்ட இங்கே ஓர் ஆள் இல்லாமல் ராத்திரியில் எந்த லாரியும் தானாக ஓடைக்கரையைத் தேடிக் கண்டுபிடிக்காது. அந்த ஆள் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறார், வெள்ளிக்கிழமை எங்கே தொழுகிறார், கொடைக்கு எவ்வளவு நன்கொடை எழுதுகிறார் என்பது கமிட்டிகளுக்குத் தெரியாதா? நன்கொடை ரசீதைக் கிழிக்கும் முன் கேட்டுப் பார்க்கலாமே.

இந்த இடத்தில், மாநிலம் பிரித்த 1956-இல் நெய்யாற்றின்கரையைக் கேரளத்திடம் கோட்டைவிட்டோம் என்று மாதம் தவறாமல் கடிதம் எழுதும் பெரியவருக்கும் ஒரு வார்த்தை. ஐயா, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று கிடைத்த நாலு தாலுகாவையும் வைத்துக்கொண்டே நம்மால் குழித்துறை ஆற்றைச் சுத்தமாக வைக்க முடியவில்லை. நெய்யாறும் வந்திருந்தால் இரண்டு ஆறுகளுக்கு நான் பதில் எழுத வேண்டியிருந்திருக்கும்.

கேரளத்தைத் திட்டுகிறவர்கள் ஆற்றுகால் பொங்கலையும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். லட்சக்கணக்கில் பெண்கள் கூடும் விழா. சாப்பிடத் தட்டும் டம்ளரும் வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள் என்று அங்கே அரசாங்கமே கேட்டுக்கொள்கிறது. ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடு வீடாக வந்து கட்டணம் வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக்கைத் தனியாகச் சேகரிக்கிறார்கள். ஒரு கையால் இப்படிப் பிரித்துவிட்டு மறு கையால் நம் பக்கம் தள்ளுகிறார்களே என்று கோபம் வருகிறதா? எனக்கும் வருகிறது. கோபத்தை வைத்துக்கொண்டே கற்றுக்கொள்ளலாம், தப்பில்லை.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். அடுத்த திருவிழாவுக்குக் கடை ஏலம் விடும்போது நிபந்தனைத் தாளில் ‘பார்சல் பை, கப், தண்ணீர் பாக்கெட் கொண்டுவரும் கடைக்காரருக்கு முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கோயிலில் ஒன்று, தேவாலயத்தில் ஒன்று, பள்ளிவாசலில் ஒன்று, அய்யாவழிப் பதியில் ஒன்று என நாலு தாள். கையெழுத்தோடு நகல் அனுப்பினால் முழுப் பக்கம் போடுகிறேன், விளம்பரக் கட்டணம் வேண்டாம். மேடைப் புகைப்படம் மட்டும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே வந்தவற்றை வைக்க இடம் இல்லை.