காந்தமே இல்லாத படிகத்தில் ஹால் வளையம்: மாதிரி கெட்டதா?

கேள்வி: மூன்று பங்கு மாங்கனீசு, ஒரு பங்கு வெள்ளீயம் கொண்ட ஒற்றைப் படிகம் வளர்த்தேன். அறை வெப்பநிலையில் ஸ்க்விட் கருவியில் (மிக நுண்ணிய காந்தத்தையும் அளப்பது) காந்தமாக்கம் ஏறக்குறைய இல்லை. ஹால் அளவீட்டிலோ, அதாவது மின்னோட்டத்துக்குக் குறுக்கே எழும் மின்னழுத்தத்தை அளந்தால், இரும்பு போன்ற ஃபெர்ரோ காந்தத்துக்கு வருவதுபோல் ஹிஸ்டெரிசிஸ் வளையம்: புலத்தை ஏற்றும்போது ஒரு பாதை, இறக்கும்போது வேறு பாதை. 250 கெல்வினுக்கு இறக்கினால் அதுவும் காணோம். இரும்புத் தூசு ஒட்டியிருக்கும் என்கிறார் சீனியர். மாதிரியைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: போட்டுவிடாதீர்கள். தூசு என்றால் கதை தலைகீழாக இருந்திருக்கும்: ஸ்க்விட்டில் பெரிதாகத் தெரியும், மின்னோட்டம் அதன் வழியே ஓடாததால் ஹாலில் பெரிதாக ஒன்றும் வராது.

நீங்கள் பார்த்ததைத்தான் 2015-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் நகட்சுஜி குழு வெளியிட்டது. இந்தப் படிகத்தில் மாங்கனீசு அணுக்கள் ககோமே வலையாக, அதாவது மூங்கில் கூடைப் பின்னல்போல, முக்கோணங்களாக அமர்ந்திருக்கின்றன. மூன்று அணுக்களின் ஸ்பின்களும் (அணுவின் நுண் காந்த முள்கள்) ஒன்றுக்கொன்று 120 பாகையில் திரும்பி நின்று தம்மைத்தாமே ரத்து செய்துகொள்கின்றன. மிஞ்சுவது அணுவுக்குச் சுமார் 0.002 போர் மேக்னெட்டான் (அணுக்காந்தத்தை அளக்கும் அலகு). இரும்பில் இது 2.2.

ஹால் மின்னழுத்தம் காந்தமாக்கத்துக்கு நேர்விகிதத்தில் வரும் என்று பாடத்தில் படித்தோம். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. ஸ்பின்களின் இந்த அடுக்குமுறை எலக்ட்ரான்களின் ஆற்றல் பட்டைகளில் வெய்ல் புள்ளிகளை, அதாவது இரண்டு பட்டைகள் தொட்டுக்கொள்ளும் இடங்களை, உண்டாக்குகிறது. அவற்றைச் சுற்றியுள்ள பெர்ரி வளைவு என்ற குவாண்டம் பண்பு, எலக்ட்ரானை ஒரு காந்தப்புலம்போலவே பக்கவாட்டில் தள்ளுகிறது. மிஞ்சிய அந்தத் துளிக் காந்தம் வெறும் கைப்பிடி. சில நூறு ஆர்ஸ்டெட் புலம் அதைப் பிடித்துத் திருப்பினால் ஸ்பின் அமைப்பு முழுவதும் திரும்பும், ஹாலின் குறியும் மாறும்.

சந்தேகம் தீர இரண்டு சோதனைகள். காந்தப்புலத்தைப் படிகத்தின் சி அச்சின் வழியே, அதாவது ககோமே தளத்துக்குச் செங்குத்தாக, வையுங்கள். வளையம் மறைய வேண்டும். பிறகு மாதிரியை 430 கெல்வினுக்கு மேல் சூடாக்குங்கள். ஸ்பின் ஒழுங்கு அங்கே குலைந்துவிடும், வளையமும் போக வேண்டும். இரும்பாக இருந்தால் அதன் கியூரி வெப்பநிலை (காந்த ஒழுங்கு குலையும் வெப்பநிலை) 1043 கெல்வின், அசைந்தே கொடுக்காது.

உண்மையில் கவனிக்க வேண்டியது 250 கெல்வின் விஷயம். இந்தச் சேர்மம் மாங்கனீசு சற்று மிகுந்தால்தான் நிலையாக உருவாகும். அந்த மிகை குறைவாக இருக்கும் படிகங்களில், சுமார் 270 கெல்வினுக்குக் கீழே, தளத்துக்குத் தளம் ஸ்பின்கள் திரும்பிக்கொண்டே போகும் சுருள்நிலை வந்துவிடுகிறது. ஹால் பங்களிப்பும் மறைகிறது. மிகை போதுமானால் 50 கெல்வின் வரையிலும் வளையம் தாங்கும். ஆக, உங்கள் படிகம் கெடவில்லை, கலவைதான் வேறு. அடுத்த முறை மாங்கனீசைக் கொஞ்சம் கூட்டி எடை போடுங்கள். கலவையை அறிய எலக்ட்ரான் நுண்ணோக்கியின் எக்ஸ்-கதிர்ப் பகுப்பாய்வை மட்டும் நம்ப வேண்டாம். நீங்கள் தேடும் வேறுபாடே அதன் பிழை அளவுக்குள் அடங்கிவிடும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஹால் தொடுமுனைகள் நேருக்கு நேர் அமையாவிட்டால் மின்தடையும் கலந்து வரும். அதைக் கழிக்கையில், ஏறுபுல வரிசையின் நேர்மறைப் பகுதியை இறங்குபுல வரிசையின் எதிர்மறைப் பகுதியோடு இணை சேருங்கள். ஒரே வரிசைக்குள் இணைத்தால் வளையத்தை நீங்களே அழித்துவிடுவீர்கள். இதில் தடுக்கி விழாத மாணவரை நான் பார்த்ததில்லை.