பாலிமர் சோலார் செல்லின் திறனைக் கூட்டுவது எப்படி?

சிலிக்கான் சோலார் செல்லைவிட, பிளாஸ்டிக் போன்ற பாலிமரால் ஆன செல் ஏன் பின்தங்குகிறது, அதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும்.

பாலிமரில் ஒளி பட்டதும் எலக்ட்ரான் தனியாகக் கிளம்பிவிடாது. அது விட்டுவந்த காலியிடமான ‘துளை’யோடு ஒட்டியே இருக்கும். இந்த ஜோடி சுமார் 10 நானோமீட்டர்தான் நகரும். அதற்குள் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் பொருளைத் தொடாவிட்டால் வீண். ஒளியை உறிஞ்சும் படலமோ ஏறக்குறைய 100 நானோமீட்டர் தடிமன். இப்படிப் பாருங்கள்: குடியிருப்புப் பேட்டை முழுதுக்கும் ஒரே எம்ஆர்டி ரயில் நிலையம் என்றால் எத்தனை பேர் வெயிலில் நடப்பார்கள்? ஒவ்வொரு புளோக்குக்குக் கீழும் பஸ் நிறுத்தம் வேண்டும். அதனால்தான் பாலிமரையும் எலக்ட்ரானை வாங்கும் பொருளையும் கலந்தே பூசுகிறார்கள்.

என் பார்வையில், இந்தக் கலவையின் பதம்தான் எல்லாம். அதிகம் பிரிந்தால் ஜோடி எல்லையை எட்டாது. அதிகம் கலந்தால் மின்னூட்டம் வெளியேற வழியிருக்காது. கரைப்பானை மாற்றுவது, துளியளவு வேறு பொருள் சேர்ப்பது, சூடாக்குவது எல்லாம் இதற்குத்தான். பி3எச்டி என்ற பாலிமரின் படலத்தைச் சூடாக்கினால் செம்மஞ்சள் நிறம் ஊதாவை நோக்கித் திரும்பும். மூலக்கூறுகள் வரிசையில் அமர்வது கண்ணுக்கே தெரியும், அத்தனை அழகு!

அப்புறம், 2019இல் வந்த ஒய்6 என்ற ஏற்பி, அதாவது எலக்ட்ரானை வாங்கும் பொருள், அகச்சிவப்பு ஒளியையும் உறிஞ்சியது. திறன், அதாவது ஒளியில் மின்சாரமாகும் பங்கு, 15 விழுக்காட்டைத் தாண்டியது.

நம் ஊர் ஈரப்பதம் உள்ளே புகாதபடி மட்டும் செல்லின் உறையை மிக நன்றாக அடைக்க வேண்டும்.