அம்மப்பாவின் தோற்பை படைக்குரியதா, கந்தோருக்குரியதா?

கேள்வி (வாசகி ஒருவர், கல்லடி): எங்கள் அம்மப்பா பயன்படுத்திய மண்ணிறத் தோற்பை ஒன்று வீட்டு அலுமாரியில் இருக்கிறது. உள்ளே மூன்று அறைகளும், நடுவில் ஒரு பித்தளைப் பூட்டும், மேலே ஒரு கைபிடியும் உண்டு. மூடியின் உட்புறத்தில் ஒரு கிரீடமும் அதன் கீழே தேய்ந்த எழுத்துகளும் தெரிகின்றன. பூட்டில் 61 என்று வெட்டப்பட்டிருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அவர் திருகோணமலைச் சீனக்குடாவில் வெள்ளைக்காரரின் விமானத்தளத்தில் வேலை செய்தவர் என்கிறார் மாமா, பி.டபிள்யூ.டி. என்ற பொதுவேலைத் திணைக்களத்தில் ஓவசியராக இருந்தவர் என்கிறார் அம்மா. இந்தப் பை படைக்குரியதா?

பதில்: பூட்டிலுள்ள 61 என்ற எண்ணை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அக்காலத்துப் பைப் பூட்டுகளின் முகப்பில் இருக்கும் சிறிய எண் பெரும்பாலும் சாவியின் எண்ணேயாகும். சாவி தொலைந்தால் அதே எண்ணுள்ள வேறொன்றை வாங்குவதற்காக அதனை இட்டார்கள். அதைப் படைப்பிரிவின் எண் என்று கொண்டு கதை கட்டுவோரும் இருக்கிறார்கள். பையின் நிறமும் தோலின் தடிப்பும்கூட எதையும் தீர்மானிப்பதில்லை, ஏனெனில் படைக்குப் பை தைத்துக் கொடுத்த அதே பட்டறைகள் வக்கீல்மாருக்கும் வைத்தியர்மாருக்கும் அதே தோலில் பை தைத்தன.

உங்களிடமுள்ள நல்ல சான்று கிரீடந்தான். ஆனால் கிரீடம் தனியே நின்றால் அது அரசாங்கப் பொருள் என்பதற்கு மேல் எதையும் சொல்லாது. அதன் கீழுள்ள எழுத்துகளே விடை தரும். அங்கே ஏ, எம் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது பிரித்தானிய விமான அமைச்சின் அடையாளம், ஆகவே பை றோயல் விமானப்படையின் களஞ்சியத்திலிருந்து வந்தது. அப்படியான பொருட்களில் ஓர் எண், ஓர் எழுத்து, ஒரு சாய்கோடு, பின்னர் மற்றோர் எண் என்ற அமைப்பில் களஞ்சிய இலக்கமும் காணப்படலாம். மாறாக, ஜி என்ற எழுத்துக்கும் ஆர் என்ற எழுத்துக்கும் இடையில் ரோம இலக்கத்தில் ஆறு இருந்தால் அது 1936 முதல் 1952 வரை ஆண்ட ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் முத்திரை. பத்திரங்கள் கொண்டுசெல்லும் தோற்பையில் அது பதிந்திருந்தால், சிவில் திணைக்களம் ஒன்றின் கந்தோர்ப் பை என்று கொள்வதே பொருத்தம். குடியேற்ற நாட்டு அரசாங்கங்கள் தமக்கு வேண்டிய பொருட்களை இங்கிலாந்திலிருந்த முடிக்குரிய முகவர்கள் மூலமாக வாங்கிய காலம் அது. முதல் எழுத்து ஈ ஆகவும் ரோம இலக்கம் இரண்டாகவும் இருந்தால் எலிசபெத் மகாராணியின் காலத்தது, அதாவது 1952க்குப் பிந்தியது. அப்போது சீனக்குடாக் கதைக்கு இடமில்லை.

எழுத்து தெரியவில்லை என்றால் கிரீடத்தின் வடிவத்தையாவது பாருங்கள். மன்னர் காலத்துக் கிரீடத்தின் வளைவுகள் நடுவை நோக்கிக் குவிந்து எழும். மகாராணி காலத்துக் கிரீடத்தில் அவை உச்சியில் சற்றே உள்வாங்கித் தாழ்ந்திருக்கும். தேய்ந்த முத்திரையை வாசிப்பதற்கு, அறையை இருட்டாக்கி, டோர்ச் வெளிச்சத்தைத் தோலின்மேல் நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து, வெவ்வேறு பக்கங்களிலிருந்து கைத்தொலைபேசியால் படம் எடுங்கள். பள்ளங்களில் நிழல் விழும்போது எழுத்து எழும்பி வரும். கடதாசி வைத்துப் பென்சிலால் தேய்க்க வேண்டாம், நைந்த தோல் அதைத் தாங்காது.

தரைப்படைக்கு உரியதா என்று அறிய வேறோர் அடையாளத்தைத் தேட வேண்டும். மூன்று கோடுகள் ஒரு முனையில் சந்திக்கும் அம்புக்குறியே பிரித்தானிய யுத்தத் திணைக்களத்தின் உடைமைக் குறி. அது மூடியின் கீழோ, கைபிடியின் பின்புறமோ, பையின் அடியிலோ, தயாரித்தவரின் பெயரோடும் ஆண்டோடும் சேர்ந்து இருப்பது வழக்கம். இந்தியாவில் செய்யப்பட்டவற்றில் அம்பின் கீழ் ஐ என்ற ஆங்கில எழுத்தும், கனடாவில் செய்யப்பட்டவற்றில் அம்பைச் சூழ்ந்து சி என்ற எழுத்தும் இருக்கும். ஆயினும் அம்பைக் கண்டதும் துப்பாக்கியை நினைக்க வேண்டியதில்லை: பிரித்தானிய நில அளவையாளர் கல்லில் வெட்டிய மட்டக்குறியிலும் அதே அம்புதான் இருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பிரித்தானியப் படை அதிகாரிகள் தமது உடைமைகளில் பலவற்றைச் சொந்தப் பணத்தில் கடைகளில் வாங்கினார்கள். அப்படி வாங்கிய பையில் எந்த அரசாங்கக் குறியும் இராது. உட்புறத்தில் மையால் எழுதிய பெயரும் பதவியும் மட்டுமே அதை ஒரு படையினனோடு இணைக்கும்.

உங்கள் பையின் அமைப்பை வைத்து நான் அம்மாவின் பக்கமே சாய்கிறேன். களத்தில் கொண்டுசெல்லும் வரைபடப் பை பொதுவாகச் சிறியது. தோளில் மாட்டும் வாரும், பென்சில் செருகும் வளையங்களும் அதில் இருக்கும். மூன்று அறைகளும் நடுப்பூட்டும் கைபிடியும் உள்ள பை, பதின்மூன்று அங்குல நீளமான பூல்ஸ்கப் தாள்களை மடிக்காமல் வைப்பதற்கான கந்தோர்ப் பை. கந்தோர் படையிலும் உண்டு என்பதால்தான் எழுத்தை வாசிக்கும்படி வற்புறுத்துகிறேன்.

ஏ, எம் என்று வந்தால்கூட அம்மா சொல்வது பொய்யாகிவிடாது. பை யாருடைய களஞ்சியத்திலிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, அதைச் சுமந்தவர் என்ன உத்தியோகம் பார்த்தார் என்பது வேறொரு கேள்வி. விமானத்தளங்களில் சிவில் ஊழியர்களும் வேலை செய்தார்கள். யுத்தம் முடிந்தபின் படைகளின் மிகுதிப் பொருட்கள் விற்பனைக்கும் வந்தன. இரண்டாவது கேள்விக்கு விடை பையில் இராது, அம்மப்பாவின் பென்சன் கடிதங்களில் இருக்கும். அவற்றில் திணைக்களத்தின் பெயரும் சேவைக் காலமும் குறிக்கப்பட்டிருக்கும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் சீனக்குடாவையும் திருகோணமலைத் துறைமுகத்தையும் தாக்கின, அன்றே பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மஸ் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. ஆகவே அவர் அங்கே எப்போது இருந்தார் என்று மாமாவிடம் கேட்கும்போது அந்தத் தாக்குதலுக்கு முன்பா, பின்பா என்று கேட்டுப் பாருங்கள். நம் ஊரில் பித்தளை உள்ள எந்தப் பழைய பொருளையும் ஹெர்மஸோடு முடிச்சுப் போடுவோர் உண்டு, அதையும் கவனத்திற் கொள்ளுங்கள்.

கேள்வி (வாசகர் ஒருவர், அக்கரைப்பற்று): 1943ஆம் ஆண்டின் பிரித்தானிய இராணுவப் பை என்று சொல்லி ஒருவர் விற்க வருகிறார். அம்புக்குறி மிகத் தெளிவாக இருக்கிறது. நம்பலாமா?

பதில்: தெளிவுதான் எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது. பழைய முத்திரை தோலோடு சேர்ந்தே முதுமை அடைந்திருக்கும். பள்ளத்தில் அழுக்கும் மெழுகும் படிந்து, விளிம்புகள் மழுங்கி, தோல் வெடித்த இடத்தில் கோடும் வெடித்திருக்கும். அண்மையில் அடித்த முத்திரையோ வெடிப்பின் மேலாகவே பதிந்து, விளிம்பு கூர்மையாக நிற்கும். தோலின் வெட்டு விளிம்பையும் பாருங்கள். மரப்பட்டைச் சாறு போன்றவற்றால் பதனிட்ட தோல் உள்வரை மண்ணிறமாக இருக்கும், முத்திரையையும் நன்றாக ஏற்கும். குரோமியம் கொண்டு பதனிட்ட தோலின் நடுப்பகுதி நீலச் சாம்பலாகத் தெரியலாம், அதில் முத்திரை ஆழமாகப் பதிவதில்லை. சிப் இருந்து, அதன் இழுவையில் யுத்தத்திற்குப் பிந்திய யப்பானிய வர்த்தகக் குறியான ஒய்.கே.கே. இருந்தால் 1943 என்பது பையின் ஆண்டாக இருக்க முடியாது, குறைந்தபட்சம் அந்தச் சிப்பாவது பின்னர் மாற்றப்பட்டிருக்க வேண்டும். நட்சத்திரத் தலையுள்ள திருகாணிகள் இருந்தாலும் அதே ஐயம் எழும். அக்காலப் பிரித்தானிய வேலையில் ஒற்றைக் கீறல் தலையே வழக்கம். இவற்றுள் ஒன்று மட்டும் பிழையாக இருந்தால் பழுதுபார்த்த பை என்று கொள்ளலாம். இரண்டு மூன்று சேர்ந்து பிழையாக இருந்தால் இராணுவப் பைக்கான விலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (வாசகர் ஒருவர், கல்முனை): சுனாமியில் நனைந்த பழைய பை ஒன்றின் முத்திரை மங்கிவிட்டது. தேங்காய் எண்ணெய் பூசினால் தெரியுமா?

பதில்: பூச வேண்டாம். எண்ணெய் தோலைக் கறுப்பாக்கி, இருக்கும் கொஞ்ச வேறுபாட்டையும் மறைத்துவிடும். மாரிகாலத்தில் பூஞ்சணமும் பிடிக்கும். முதலில் மேலே சொன்னபடி பக்க வெளிச்சத்தில் படம் எடுங்கள். உப்புப் படிந்திருந்தால், பிழிந்த மென்துணியால் ஒற்றியெடுத்து, வெயிலில் வைக்காமல் காற்றோட்டமான நிழலில் உலரவிடுங்கள். பித்தளைக்குப் பொலிஷ் போடுவதாயிருந்தால், அது வழிந்து தோலில் வெள்ளையாகப் படியும் என்பதால், பூட்டைச் சுற்றிக் கடதாசி வைத்து மறைத்தபின் போடுங்கள். பூட்டில் தயாரித்தவரின் பெயர் இருந்தால், அழுத்தித் தேய்க்குமுன் அதனையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.